ஜோவுக்கு யாரைக் கட்டிவைப்பது?

மெக், ஜோ, பெத், ஏமி. மார்ச் குடும்பத்துச் சகோதரிகள் நால்வரின் பெயர்களைச் சொன்னால் போதும். 'லிட்டில் விமன்' நாவலைப் படித்தவர்களும் படமாகப் பார்த்தவர்களும் உடனே ஒரு கட்சியில் சேர்ந்துவிடுவார்கள். ஜோவுக்குப் பக்கத்து வீட்டு லாரியைத்தான் கட்டிவைத்திருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. ஜெர்மன் பேராசிரியர் பேயர்தான் பொருத்தம் என்பது இன்னொரு கட்சி. அவள் யாரையும் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம் என்பது மூன்றாவது கட்சி. நாவலை எழுதிய லூயிசா மே ஆல்காட் இந்தக் கட்சியைச் சேர்ந்தவர். இந்த வழக்கு தொடங்கி 150 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்தப் புத்தகத்தைக் கடல்கடந்து இழுத்துக்கொண்டு போனது இந்தத் தீராத வழக்குதான் என்று எனக்குத் தோன்றுகிறது. போன ஊரிலெல்லாம் யாராவது ஒருவர் அதில் கைவைத்துத் திருத்தியிருக்கிறார்.

கதைக்கு முன்னால் ஓர் அப்பாவின் கதை உண்டு. லூயிசாவின் தந்தை பிரான்சன் ஆல்காட் லட்சியங்களில் பெரிய பணக்காரர், கையில் காசில்லாதவர். 1834-இல் பாஸ்டன் நகரில் ஒரு பள்ளி தொடங்கினார். பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைக்காமல் பேசவைத்துப் பாடம் நடத்தினார். பைபிளைப் பற்றிக் குழந்தைகள் பேசியதைப் புத்தகமாகப் போட்டதும் ஊர் கொதித்தது. பிறகு நடத்திய சின்னப் பள்ளியில் ஒரு கறுப்பினச் சிறுமியைச் சேர்த்ததும், மிச்சமிருந்த பெற்றோரும் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். அடுத்து, 1843-இல் நண்பர்களோடு சேர்ந்து 'ஃப்ரூட்லேண்ட்ஸ்' என்ற பண்ணையில் ஒரு புதிய சமுதாயத்தை உண்டாக்கக் கிளம்பினார். இறைச்சி கிடையாது, பால் கிடையாது. பருத்தி அடிமைகளின் உழைப்பில் விளைவதால் ஆகாது. கம்பளி ஆட்டுக்குச் சொந்தமானது என்பதால் அதுவும் ஆகாது. ஆகவே எல்லாரும் லினன் துணிதான் உடுத்த வேண்டும். மாசசூசெட்ஸ் குளிரில் லினன் துணி! பண்ணை ஏழு மாதம் தாங்கியது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அம்மா அபிகெயிலின் உழைப்பாலும் பெண்களின் தையலாலும்தான். பதின்வயது முடிவதற்குள் லூயிசா ஒரு வீட்டில் ஏழு வாரம் வேலைக்காரியாக இருந்து பார்த்தார். கைக்கு வந்தது 4 டாலர்.

1845 முதல் 1848 வரை அவர்கள் கான்கார்ட் என்ற சிற்றூரில், ஹில்சைடு என்ற வீட்டில் இருந்தார்கள். நாவலில் வரும் குழந்தைப் பருவத்தின் பெரும்பகுதி இந்த வீட்டில் நடந்ததுதான். சிந்தனையாளர் எமர்சன் அக்கம்பக்கத்தில் இருந்தார். அவருடைய நூலகத்தில் புகுந்து எதை வேண்டுமானாலும் எடுத்துப் படிக்க லூயிசாவுக்கு அனுமதி உண்டு. வால்டன் குளக்கரையில் எழுத்தாளர் தோரோ குடிசை போட்டிருந்தார். 1846-47 குளிர்காலத்தில் அந்தக் குளத்தில் ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்து ஐஸ் வெட்டினார்கள். ஃபிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி அமெரிக்க ஐஸை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி இந்தியாவுக்கு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடுகிறவர்கள் தன் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதாகத் தோரோ எழுதி மகிழ்ந்தார். டியூடரின் ஐஸைச் சேமிக்க 1842-இல் சென்னைக் கடற்கரையில் கட்டிய கட்டடம் இன்றும் இருக்கிறது. விவேகானந்தர் தங்கிச் சென்றதால் அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் மாறிவிட்டது. ஆனால் சுற்றுவட்டாரத்தார் இன்னமும் 'ஐஸ் ஹவுஸ்' என்றுதான் சொல்கிறார்கள். ஏமி பனி உடைந்து ஆற்றுக்குள் விழுகிற அத்தியாயத்தைப் படிக்கும்போது எனக்கு இந்தக் கட்டடம் நினைவுக்கு வரும். அந்தப் பெண்கள் சறுக்கி விளையாடிய குளிர்காலங்களின் ஒரு துண்டு நம் ஊர்க் கண்ணாடி டம்ளர்களில் மிதந்திருக்கிறது.

ஹில்சைடு பெண்கள் விளையாடிய விளையாட்டுகளும் கடல் கடந்து வந்தவைதான். ஜான் பன்யனின் 'யாத்ரிகப் பயணம்' 1678-இல் இங்கிலாந்தில் வந்த புத்தகம். சுமையை முதுகில் கட்டிக்கொண்டு நிலவறையிலிருந்து மாடிவரை ஏறுவது அவர்களுடைய 'யாத்ரிகப் பயண' ஆட்டம். டிக்கன்ஸின் 'பிக்விக்' பாத்திரங்களின் பெயரில் ஒரு கையெழுத்துப் பத்திரிகையும் நடத்தினார்கள். டிக்கன்ஸின் நாவல்கள் அமெரிக்காவில் அவருக்குச் சேர வேண்டிய காசைக் கொடுக்காமலே அச்சாகிக்கொண்டிருந்தன. 1842-இல் அமெரிக்காவுக்கு வந்தபோது அவர் மேடை மேடையாக இதைச் சொல்லிப் புலம்பினார். அப்படி வந்த கதைகளில் வளர்ந்த சிறுமிதான், பின்னாளில் காப்புரிமை என்றால் என்ன என்பதை மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்ட எழுத்தாளரானார்.

அடுத்த இருபதாண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அம்மா உதவி செய்துவந்த ஓர் ஏழைக் குடும்பத்திடமிருந்து தங்கை எலிசபெத்துக்கு ஸ்கார்லெட் காய்ச்சல் தொற்றியது. உடம்பு தேறாமலே 1858 மார்ச்சில் இறந்துபோனாள். அவள்தான் நாவலின் பெத். அதன் பிறகுதான் குடும்பம் 'ஆர்ச்சர்டு ஹவுஸ்' வீட்டுக்குக் குடிபோனது. இன்று அந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. பெத்தைத் தேடி உலகெங்கிலுமிருந்து வாசகர்கள் அங்கே வருகிறார்கள். ஆனால் அந்த வீட்டில் அவள் ஒருநாளும் வாழ்ந்ததில்லை. உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ள 1862 டிசம்பரில் லூயிசா செவிலியாகப் போனார். சில வாரங்களிலேயே டைஃபாய்டு வந்தது. மருத்துவர்கள் கொடுத்த பாதரச மருந்து காய்ச்சலைவிட அதிகக் கேடு செய்தது. அந்த உபாதை கடைசிவரை அவரை விடவில்லை.

அந்தக் காலத்தில் குடும்பத்துக்குச் சோறு போட்டது இன்னொரு எழுத்து. ஏ. எம். பர்னார்ட் என்ற புனைபெயரில் லூயிசா மர்மக் கதைகள் எழுதினார். பழிவாங்கும் பெண்கள், முகமூடி போட்ட மோசடிக்காரிகள், அபின், கொலை. 1863-இல் இந்த வகைக் கதை ஒன்றுக்கு ஒரு படப் பத்திரிகை 100 டாலர் பரிசு கொடுத்தது. வலது கை வலித்தால் இடது கையால் எழுதுவதற்கும் பழகிவைத்திருந்தார். இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே அப்பா தன் கையால் அடித்துக் கொடுத்த அரைவட்டப் பலகைதான் மேசை. அகலமாகத் திறந்த ஒரு புத்தகத்தை வைத்தால் அதில் பாதி இடம் போய்விடும்.

1867-இல் பாஸ்டனின் ராபர்ட்ஸ் பிரதர்ஸ் பதிப்பகத்திலிருந்து தாமஸ் நைல்ஸ் கேட்டார்: சிறுமிகளுக்கு ஒரு கதை எழுதித் தர முடியுமா? பையன்களுக்கான சாகசக் கதைகள் அப்போது சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தன. பெண் குழந்தைகள் பக்கம் கடை காலியாக இருந்தது. லூயிசாவுக்கு இஷ்டமில்லை. தன் சகோதரிகளைத் தவிர வேறு பெண்களை அதிகம் பிடித்ததுமில்லை, தெரிந்ததுமில்லை என்று நாட்குறிப்பில் முனகியிருக்கிறார். ஆனால் அதே பதிப்பகத்தில் அப்பாவும் தன் தத்துவக் கட்டுரைகளைப் போட முயன்றுகொண்டிருந்தார். மகள் எழுதினால் அப்பாவின் புத்தகமும் வரும் என்பது பேரம். 1868 மேயில் உட்கார்ந்து ஜூலை நடுவில் முதல் பாகத்தை முடித்தார். தொடக்க அத்தியாயங்களைப் படித்த நைல்ஸுக்கு அவை சப்பென்று தோன்றின. எழுதியவருக்கும் அப்படித்தான் தோன்றியது. இருவரையும் காப்பாற்றியவள் லில்லி ஆல்மி என்ற சிறுமி. நைல்ஸின் உறவுக்காரப் பெண்ணான அவளிடம் கைப்பிரதி போனது. அவள் அதைக் கீழே வைக்கவில்லை.

அந்தச் சிறுமிக்குப் பிடித்துப்போனது என்னவாக இருக்கும் என்று யோசித்தால், எனக்கு எலுமிச்சை ஊறுகாய் அத்தியாயம்தான் முன்னால் வருகிறது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து உப்பு நீரில் ஊறிய எலுமிச்சைகள் பீப்பாய் பீப்பாயாகப் பாஸ்டனுக்கு வந்து இறங்கும். பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு அதுதான் மிட்டாய், அதுதான் நாணயம், அதுதான் மரியாதை. தோழிகள் கொடுத்ததற்கெல்லாம் ஏமி திருப்பிக் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் தலைகுனிவு. மெக் கொடுத்த காசில் 24 எலுமிச்சை வாங்கிவந்து பெருமையாக மேசைக்குள் ஒளித்துவைக்கிறாள். கோள்சொல்லி ஒருத்தி வாத்தியாரிடம் போட்டுக்கொடுக்கிறாள். ஊறிய பழங்களை இரண்டிரண்டாக ஜன்னல் வழியே அவளே எறிய வேண்டும். பிறகு உள்ளங்கையில் அடி. பாடபுத்தக ஒழுக்கக் கதையாக இருந்தால், ஏமி திருந்தினாள் என்று அத்தியாயம் முடிந்திருக்கும். இங்கே அம்மா, அடித்த வாத்தியாரின் முறை தனக்குச் சம்மதமில்லை என்று மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுகிறாள். அதே மூச்சில், விதியை மீறிய உனக்குத் தண்டனை வேண்டும்தான் என்றும் மகளிடம் சொல்கிறாள். இரண்டையும் சொல்லத் தெரிந்த அம்மாவைச் சிறுமிகள் அதுவரை எந்தப் புத்தகத்திலும் பார்த்திருக்க மாட்டார்கள்.

1868 செப்டம்பர் இறுதியில் புத்தகம் வெளியானது. தங்கை மே வரைந்த நான்கு படங்களை விமர்சகர்கள் குறைசொன்னார்கள். ஆனால் முதல் அச்சின் 2000 பிரதிகள் இரண்டே வாரத்தில் தீர்ந்தன. மொத்தப் பணத்தை வாங்கிக்கொண்டு உரிமையை விட்டுவிட வேண்டாம், ராயல்டி வாங்கிக்கொண்டு காப்புரிமையைக் கையிலேயே வைத்திருங்கள் என்று நைல்ஸ் யோசனை சொன்னார். தன் லாபத்துக்கு எதிராகப் பதிப்பாளர் சொன்ன அந்த யோசனைதான் ஆல்காட் குடும்பத்தின் கடன்களையெல்லாம் தீர்த்தது. விகிதம் 6.66 விழுக்காடு. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 151 ஆண்டுகள் கழித்து அது மீண்டும் வரப்போகிறது.

முதல் பாகத்தின் முடிவில் மெக்குக்கு மட்டும்தான் நிச்சயமாகியிருந்தது. பெத் காய்ச்சலிலிருந்து பிழைத்திருந்தாள். ஜோ, ஜோவாகவே இருந்தாள். கடிதங்கள் குவிந்தன. எல்லாச் சிறுமிகளும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: யார் யாருக்கு யாரோடு கல்யாணம்? ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு அதுதான் ஒரே இலக்கு என்பதுபோல் கேட்கிறார்களே என்று லூயிசா நாட்குறிப்பில் எரிந்து விழுந்தார். யாரைத் திருப்திப்படுத்தவும் ஜோவை லாரிக்குக் கட்டிவைக்க மாட்டேன் என்றும் எழுதிவைத்தார். 1868 நவம்பர் முதல் தேதி இரண்டாம் பாகத்தைத் தொடங்கி 1869 புத்தாண்டு அன்று முடித்தார். ஜோ எழுத்தாளராகத் தனியாகவே இருந்திருக்க வேண்டும் என்பதுதான் தன் விருப்பம், ஆனால் வாசகிகள் விடவில்லை, அதனால் வீம்புக்கு ஒரு வேடிக்கையான ஜோடியைச் சேர்த்துவைத்தேன் என்று ஒரு தோழிக்கு எழுதினார். நாற்பதை நெருங்கும், தாடிவைத்த, உடைந்த ஆங்கிலம் பேசுகிற, குடையோடு மழையில் நிற்கிற பேராசிரியர் பேயர் அப்படிப் பிறந்தவர். லாரியை ஏமி கட்டிக்கொண்டாள்.

அட்லாண்டிக்கைத் தாண்டியதும் புத்தகம் இரண்டாகப் பிளந்தது. லண்டனில் இரண்டாம் பாகத்தைத் தனிப் புத்தகமாக, 'குட் வைவ்ஸ்' என்ற தலைப்பில் போட்டார்கள். நல்ல மனைவியர்! ஆசிரியர் அப்படி ஒரு தலைப்பை யோசித்ததே இல்லை. அமெரிக்காவில் 1880-இலிருந்து இரண்டு பாகமும் ஒரே நூலாகிவிட்டன. பிரிட்டனிலோ இந்தப் பிரிவினை நீடித்தது. அதனால் முதல் புத்தகத்தோடு நிறுத்திக்கொண்ட பிரிட்டிஷ் சிறுமிகளின் உலகத்தில் பெத் சாகவே இல்லை, ஜோவுக்குக் கல்யாணமும் ஆகவில்லை. ஆசிரியர் ஆசைப்பட்ட முடிவு, பதிப்பாளரின் கத்தரிக்கோலால் தற்செயலாக அவர்களுக்குக் கிடைத்துவிட்டது.

பிரான்ஸில் அதைக் கையில் எடுத்தவர் ஜூல் வெர்ன்னின் பதிப்பாளர் ஹெட்செல். பி. ஜே. ஸ்டால் என்ற தன் புனைபெயரில் அவரே கதையைத் திருத்தி எழுதி 1880-இல் வெளியிட்டார். மார்ச் குடும்பத்தின் அப்பா மூலத்தில் பாதிரியார். கத்தோலிக்கப் பாதிரியாருக்கு மனைவியும் நான்கு மகள்களும் இருந்தால் பிரெஞ்சு வாசகர்கள் என்ன நினைப்பார்கள்? ஹெட்செல் அவரை மருத்துவராக்கிவிட்டார். பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்த நாவல் இன்றுவரை 'டாக்டர் மார்ச்சின் நான்கு மகள்கள்'தான்.

அதே 1880-இல் அமெரிக்காவிலும் ஒரு திருத்தம் நடந்தது. ஃபிராங்க் மெரில் வரைந்த ஏறக்குறைய 200 படங்களோடு ராபர்ட்ஸ் பிரதர்ஸ் புதிய பதிப்பு போட்டது. பேச்சுவழக்குகளையெல்லாம் அதில் சீவிச் சிங்காரித்தார்கள். 1868-இல் அம்மா மார்மி குண்டான பெண்மணி, 1880-இல் உயரமானவளாகிவிட்டாள். லாரியின் நீளமான மூக்கு அழகான மூக்கானது. ஜோவின் உயரமே இருந்தவன் அவளைவிட வளர்ந்துவிட்டான். பெரும்பாலோர் படிப்பது இந்தத் திருத்திய பதிப்பைத்தான். எனக்கு அந்தக் குண்டு மார்மியைத்தான் பிடிக்கும். வேலை செய்து களைத்து வீட்டுக்குள் நுழைகிற, நாற்பது வயதுப் பெண் அவள். உயரமான சிலை இல்லை.

நாவலில் சம்பாதித்த காசு குடும்பத்துக்குள் என்ன செய்தது என்பதும் பயணத்தின் ஒரு கிளைதான். படம் வரையத் தெரியாது என்று பழிக்கப்பட்ட மே, அந்தக் காசில் ஐரோப்பாவில் ஓவியம் படித்தாள். 1877-இல் பாரிஸ் சலோன் கண்காட்சி அவள் ஓவியத்தை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் கான்கார்டில் ஒரு பையனுக்குச் சிற்பக் கருவிகளைக் கொடுத்து ஆரம்பப் பாடம் சொல்லிக்கொடுத்திருந்தாள். டேனியல் செஸ்டர் பிரெஞ்சு என்ற அந்தப் பையன் பின்னாளில் வடிவமைத்ததுதான் வாஷிங்டனில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் லிங்கன் சிலை. 1879 இறுதியில், மகளைப் பெற்ற சில வாரங்களில் மே இறந்துபோனாள்; குழந்தை கப்பலேறிப் பெரியம்மா லூயிசாவிடம் வந்து சேர்ந்தது.

சட்டமும் லூயிசாவிடம் வாசகிகள் கேட்ட கேள்வியைத்தான் கேட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமை 28 ஆண்டு. அதன் பிறகு 14 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். ஆசிரியர் உயிரோடு இல்லாவிட்டால், அவருடைய மனைவியோ பிள்ளைகளோதான் புதுப்பிக்க முடியும். கல்யாணமே செய்துகொள்ளாத பெண் என்ன செய்வது? 1887-இல் அவர் அக்கா அன்னாவின் வளர்ந்த மகன் ஜானைச் சட்டப்படி தத்தெடுத்துக்கொண்டார். மறுவருடம் மார்ச் 4-ஆம் தேதி அப்பா போனார்; இரண்டு நாள் கழித்து, அவர் போனது தெரியாமலே, மகளும் போனார். காப்புரிமை வீட்டுக்குள்ளேயே இருந்தது.

அதற்குள் போலிகளும் பங்காளிகளும் கிளம்பிவிட்டார்கள். 'வாட் கேட்டி டிட்' என்ற துடுக்குப்பெண் கதை 1872-இல் வந்தது; போட்டவர்கள் அதே ராபர்ட்ஸ் பிரதர்ஸ். ஆஸ்திரேலியாவில் எதெல் டர்னர் என்ற இளம்பெண்ணைப் பார்த்து, இவள் இந்த நாட்டின் ஆல்காட் ஆவாள் என்று ஒரு பதிப்பாளர் கணக்குப் போட்டார். 1894-இல் வந்த 'செவன் லிட்டில் ஆஸ்ட்ரேலியன்ஸ்' அங்கே இன்றும் படிக்கப்படுகிறது. அதிலும் ஒரு பெண் இறக்கிறாள். ஆனால் இறப்பது பெத் போன்ற சாது இல்லை. அடங்காத ஜூடி, மரம் விழுந்து. டர்னர் நகலெடுக்கவில்லை, பதில் சொன்னார் என்று எனக்குப் படுகிறது.

ஜப்பானுக்கு நாவல் போனது 1906-இல். 1899-இல் மாநிலத்துக்கு ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியாவது வேண்டும் என்று அங்கே அரசு ஆணை போட்டிருந்தது. நல்ல மனைவியையும் அறிவுள்ள தாயையும் உருவாக்குவதே அந்தப் பள்ளிகளின் குறிக்கோள். நான்கு சகோதரிகளுக்கும் ஜப்பானியப் பெயர் சூட்டி அந்த மாணவிகளுக்கு அறிமுகப்படுத்தினார்கள். பாடத்திட்டம் மெக்கை எதிர்பார்த்தது. படித்தவர்கள் ஜோவை எடுத்துக்கொண்டார்கள். 1933-இல் கேத்தரின் ஹெப்பர்ன் ஜோவாக நடித்த ஹாலிவுட் படம் மறுவருடம் அங்கே போனதும் அந்த மோகம் இன்னும் ஏறியது.

அமெரிக்காவிலும் அந்தப் படம் பெருவெற்றி. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்து கிடந்த நாட்டுக்கு, பரிசு வாங்கக் காசில்லாத கிறிஸ்துமஸ் என்ற தொடக்கம் சொந்தக் கதையாகவே இருந்திருக்கும். நியூயார்க்கில் பொம்மை மருத்துவமனை நடத்திய யூதக் குடியேறியின் மகள் பீட்ரிஸ் அலெக்சாண்டர் அந்த அலையில் நான்கு சகோதரிகளையும் பொம்மைகளாக்கி விற்றார். 1949-இல் வந்த படத்தில் எலிசபெத் டெய்லர் மஞ்சள் தலைமுடி வைத்து ஏமியாக நடித்தார். பெத்தாக நடித்த மார்கரெட் ஓ'பிரையன் அவரைவிடச் சின்னவர் என்பதால், பெத்தையே கடைக்குட்டி ஆக்கிவிட்டார்கள். பையன்கள் படிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். வேட்டைக்காரர், குதிரைப்படை வீரர், அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், சிறுவயதில் இந்தப் புத்தகத்தைக் கொண்டாடியதாக 1913-இல் தன் வரலாற்றில் எழுதினார். ஆண்மை குறைந்தவன் என்று யாரும் நினைத்தாலும் பரவாயில்லை என்ற முன்னுரையோடு. பாரிஸில் வளர்ந்த எழுத்தாளர் சிமோன் த பூவா, சமையலும் தையலும் பிடிக்காமல் புத்தகத்தில் கிடந்த ஜோவில் தன்னையே பார்த்ததாக எழுதியிருக்கிறார்.

1940-களில் இன்னொரு தற்செயல். அரிய புத்தகங்களைத் தேடிப் பிடிக்கும் லியோனா ராஸ்டன்பர்க், ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் ஒரு பாஸ்டன் பதிப்பாளர் லூயிசாவுக்கு எழுதிய கடிதங்களைக் கண்டெடுத்தார். ஏ. எம். பர்னார்ட் யார் என்ற ரகசியம் அதில் இருந்தது. 1943-இல் அவர் அதை வெளியிட்டார். தோழி மேடலின் ஸ்டெர்ன் 1975-இல் அந்த மர்மக் கதைகளைத் தொகுத்து அச்சிட்டார். நாவலில் ஜோ அப்படிப்பட்ட கதைகளை எழுதுவாள். பேராசிரியர் பேயர் முகம் சுளித்ததும் வெட்கப்பட்டுக் கட்டுக் கட்டாக அடுப்பில் போட்டுவிடுவாள். லூயிசா தன்னுடையதை எரிக்கவில்லை, பெயரை மட்டும் மறைத்துவைத்தார் என்பது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

1987-இல் ஒரே ஆண்டில் இரண்டு ஆசியத் தொலைக்காட்சிகள் அந்த வீட்டுக் கதவைத் தட்டின. ஜப்பானில் நிப்பான் அனிமேஷன் 48 பகுதிகள் கொண்ட தொடராக்கியது. புத்தகத்தில் இல்லாத கெட்டிஸ்பர்க் போர்க்களத்தருகே கதையைத் தொடங்கி, மார்ச் குடும்பத்தை அகதிகளாக்கிப் புது ஊருக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் தூர்தர்ஷனுக்காக அமோல் பாலேகர் இயக்கிய 'கச்சி தூப்' தொடர், அதே அம்மாவையும் பெண்களையும் நம் நடுத்தர வர்க்க வீடு ஒன்றில் குடியமர்த்தியது. திரைக்கதை சித்ரா பாலேகர். அதில் அறிமுகமான பாக்யஸ்ரீ, இரண்டு ஆண்டு கழித்து 'மைனே ப்யார் கியா' படத்தால் நாடறிந்த முகமானார். 1997-இல் 'ஃபிரெண்ட்ஸ்' தொடரில் ஜோயி இதைப் படிக்கிறான். பெத்துக்கு உடம்பு மோசமானதும் தாங்க முடியாமல் புத்தகத்தை ஃபிரீசரில் வைத்துவிடுகிறான். 2011-இல் எலெனா ஃபெர்ராண்டே எழுதிய நேப்பிள்ஸ் நாவலில், ஏழைத் தெருவின் இரண்டு சிறுமிகள் பொம்மைக்காகக் கிடைத்த காசில் பொம்மை வாங்காமல் இந்தப் புத்தகத்தை வாங்கி, தாள் கிழியும்வரை சேர்ந்து படிக்கிறார்கள். எழுதிப் பணக்காரராகலாம் என்ற எண்ணம் அங்கேதான் அவர்கள் மண்டைக்குள் ஏறுகிறது.

2019-இல் கிரெட்டா கெர்விக்கின் படம் வந்தது. அதில் ஜோ பதிப்பாளர் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். கதாநாயகிக்குக் கல்யாணம் ஆகாவிட்டால் புத்தகம் விற்காது என்கிறார் அவர். சரி, கட்டிவைக்கிறேன், ஆனால் காப்புரிமை என்னிடமே இருக்கும் என்கிறாள் இவள். விகிதத்துக்கு இழுபறி நடக்கிறது, முடிவது 6.6 விழுக்காட்டில். மழையில் குடைக்குக் கீழே பேயரை முத்தமிடுவது ஜோவின் வாழ்க்கையா, அவள் எழுதிக் கொடுத்த அத்தியாயமா என்பதை இயக்குநர் நம்மிடம் விட்டுவிடுகிறார். நாட்குறிப்பையும் ஒப்பந்தத்தையும் படித்தவர்களால்தான் அந்தக் காட்சியை எடுத்திருக்க முடியும்.

மூன்றாண்டு கழித்துக் கொரியாவில், 'லிட்டில் விமன்' என்ற அதே பெயரில் 12 பகுதித் தொடர் ஒன்று வந்தது. பார்க் சான்-வூக் படங்களுக்குத் திரைக்கதை எழுதிய சங் சோ-கியோங் எழுதியது. வறுமையில் வளர்ந்த மூன்று சகோதரிகள். நடுவில் இருப்பவள் தொலைக்காட்சி நிருபர், அவள்தான் ஜோ. சின்ன வயதுச் சிநேகிதன் ஒருவன் அவள் கூடவே வருகிறான். ஆனால் அவர்களுக்குக் கல்யாணம் ஆகுமா என்பதில் கதைக்கு அக்கறை இல்லை. 7000 கோடி வோன் ரகசியப் பணம் காணாமல் போகிறது. பிணங்கள் விழுகின்றன, ஒவ்வொன்றின் அருகிலும் நீல ஆர்க்கிட் பூ. அலமாரிக்குள் தொங்கும் உடல், முகமூடி போட்ட பணக்கார வீட்டுப் பெண், பழிவாங்கல். பேயர் முகம் சுளித்திருப்பார். ஏ. எம். பர்னார்ட் இதை ஒரே வாரத்தில் எழுதிக் கொடுத்து, காசை எண்ணி வாங்கிக்கொண்டு போயிருப்பார்.